ஒரே டொமைன், நான்கு மெயில் சர்வர்: ‘அப்படி ஒரு ஆள் இல்லை’ என்று சொல்லும் உரிமை யாருக்கு?

ஒரு கம்பெனியில் இரண்டாவது மெயில் சர்வரைத் திட்டம் போட்டு வாங்குவது குறைவு, பெரும்பாலும் அது வந்து சேர்ந்துவிடுகிறது. வேலூர் பக்கத்துத் தோல் தொழிலையே எடுத்துக்கொள்வோம். ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பதனிடும் ஆலை, ஆம்பூரில் ஷூ யூனிட், சென்னை பெரியமேட்டில் ஒரு அலுவலகம் என்று இருக்கும் நடுத்தர எக்ஸ்போர்ட் கம்பெனி. முதலில் ராணிப்பேட்டையில் ஒரு லினக்ஸ் பெட்டியில் மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும் ஆட்களின் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் டவ்காட்டும் போட்டு எல்லோருக்கும் மெயில் கொடுத்திருப்பார்கள். ஆம்பூரில் லைன் அடிக்கடி போகிறது, யூனிட்டுக்குள் அனுப்புகிற மெயிலாவது தடையில்லாமல் ஓடட்டும் என்று அங்கே இன்னொரு சர்வர் வரும். அப்புறம் வெளிநாட்டு பையர்களோடு பேசும் மார்க்கெட்டிங் ஆட்களுக்கும் டைரக்டர்களுக்கும் மட்டும் கூகுளிலோ மைக்ரோசாஃப்டிலோ அக்கவுண்ட் வாங்குவார்கள், ஏனென்றால் அங்கே தலைக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம், சூப்பர்வைசர் வரை எல்லோருக்கும் வாங்கக் கட்டுப்படியாகாது. வெப்சைட் ஓடும் ஹோஸ்டிங்கோடு சேர்ந்து ஒரு மெயில் சர்வர் ஏற்கெனவே வந்திருக்கும், அது இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆக நான்கு சர்வர், நான்கும் ஒரே டொமைன் பெயரில், அதாவது முகவரியில் @-க்குப் பிறகு வரும் பெயரில்.

நான்கு இருப்பது தப்பே இல்லை. நான்கும் ‘இந்த டொமைன் முழுக்க என்னுடையது’ என்று நினைத்துக்கொண்டிருப்பதுதான் தப்பு. எந்த மெயில் சர்வரிலும், எந்தெந்த டொமைனுக்கு நீதான் கடைசி இடம் என்று சொல்லிவைக்கும் ஒரு அமைப்பு இருக்கும். அப்படிச் சொல்லிவைத்த டொமைனுக்கு ஒரு மெயில் வந்தால் சர்வர் வெளியே தேடவே தேடாது, எந்தப் பெயருக்கு எந்த மெஷின் என்று சொல்லும் இணையத்தின் விலாசப் புத்தகமான டிஎன்எஸ்ஸைக் கேட்கவும் கேட்காது. தன் லிஸ்டில் அந்தப் பெயர் இருந்தால் பெட்டியில் போடும், இல்லையென்றால் அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்லிவிடும். ராணிப்பேட்டை அக்கவுண்ட்ஸில் இருப்பவர் ஆம்பூர் டெஸ்பாட்சுக்கு அனுப்பிய மெயில் ‘யூசர் அன்நோன்’ என்று திரும்பி வருவதும், அதே டெஸ்பாட்சுக்கு ஜெர்மனியிலிருந்து வந்த மெயில் ஒழுங்காகப் போய்ச் சேருவதும் இதனால்தான். சர்வர் பழுது என்று நினைத்து ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருப்பார்கள், ஆனால் அது தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகத்தான் செய்கிறது.

இதிலேயே மோசமானது வெப்சைட் ஹோஸ்டிங் விஷயம். வெப்சைட்டில் இருக்கும் என்கொயரி ஃபார்மில் ஒரு இத்தாலிக்காரர் விசாரித்து எழுதுகிறார் என்று வையுங்கள். ஃபார்ம் அதை ஹோஸ்டிங் சர்வரிடம் கொடுக்கும். ஹோஸ்டிங் சர்வரோ இந்த டொமைன் என்னுடையதுதானே என்று தன்னிடமே இருக்கும், யாரும் திறந்தே பார்க்காத ஒரு பெட்டியில் போட்டுவிடும். பவுன்ஸ் (சேரவில்லை என்று திரும்பி வரும் மெயில்) வராது, எர்ரர் வராது, கிணற்றில் போட்ட கல்தான். ஹோஸ்டிங்கை நிர்வகிக்க சிபேனல் வைத்திருப்பவர்கள் இமெயில் ரவுட்டிங் என்ற பக்கத்தில் லோக்கல் என்று இருப்பதை ரிமோட் என்று மாற்றினால் இது தீர்ந்துவிடும், ஒரு நிமிட வேலை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது கம்பெனி வெப்சைட் பார்ப்பவராக இருந்தால் மீதியைப் படிப்பதற்கு முன்னால் போய் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, இந்தக் குழப்பத்துக்கு வேர் எங்கே என்று பார்க்கலாம். எஸ்எம்டிபி என்ற மெயில் அனுப்பும் நெறிமுறையை ஜான் போஸ்டல் எழுதி 1982 ஆகஸ்டில் வெளியிட்டார், ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) 821. ஒரு டொமைனின் மெயிலை எந்த மெஷினிடம் கொடுக்க வேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் எம்எக்ஸ் ரெக்கார்டு முறை 1986 ஜனவரியில் ஆர்எஃப்சி 974-இல் வந்தது. அந்த எம்எக்ஸ் முறை இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது, அது டொமைனைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. இந்த டொமைனில் டைரக்டரின் மெயில் கூகுளுக்கு, டெஸ்பாட்சின் மெயில் ஆம்பூருக்கு என்று டிஎன்எஸ்ஸில் எழுத வழியே கிடையாது. நான்கு சர்வரையும் நான்கு எம்எக்ஸாகப் போட்டுவிட்டால் அது அதுவாகப் பிரித்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் உண்டு. பிரிக்காது. அனுப்புகிற சர்வர் எண் குறைவாக இருக்கும் எம்எக்ஸை முதலில் முயலும், எண்கள் சமமாக இருந்தால் ஏதோ ஒன்றை எடுக்கும். டெஸ்பாட்சுக்கு வந்த மெயில் கூகுளின் வாசலில் போய் நின்றால், அப்படி ஒரு ஆள் இல்லை என்று அங்கேயே முடிந்துவிடும். ஒருவர் நிரந்தரமாக மறுத்துவிட்டால் அனுப்பும் சர்வர் அடுத்த எம்எக்ஸைப் போய்க் கேட்காது.

அதனால் ஆளைப் பார்த்துப் பிரிக்கும் வேலை நம் தலையில்தான் விழுகிறது. அதை ஒரே ஒரு இடத்தில் செய்ய வேண்டும் என்பதுதான் நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது. வாசலில் ஒரு கேட்வே, அதனிடம் கம்பெனியின் எல்லா முகவரிகளும் அடங்கிய ஒரே லிஸ்ட், ஒவ்வொரு முகவரிக்கு எதிரிலும் அந்தப் பெட்டி இருக்கும் சர்வரின் பெயர். எம்எக்ஸ் அந்த கேட்வேயை மட்டும் காட்ட வேண்டும். கேட்வே எந்தப் பெட்டியையும் வைத்துக்கொள்ளாது, வாங்கி, ஸ்பாம் பார்த்து, லிஸ்ட்டைப் பார்த்து, உரிய சர்வருக்குத் தள்ளிவிடும். போஸ்ட்ஃபிக்ஸில் இப்படிப் பிரித்துத் தள்ள டிரான்ஸ்போர்ட் மேப் என்ற ஃபைல் போதும், முகவரி ஒருபக்கம், சர்வர் பெயர் மறுபக்கம், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ஆம்பூர் சர்வருக்கும் ராணிப்பேட்டை சர்வருக்கும் சொல்லவேண்டியது இது: உன்னிடம் பெட்டி இருக்கிற ஆளா, நீயே போடு, இல்லையா, கேட்வேயிடம் கொடு, ஆள் இல்லை என்று மட்டும் நீ சொல்லாதே. அப்படி ஒரு ஆள் கம்பெனியிலேயே இல்லை என்று சொல்லும் உரிமை கேட்வேக்கு மட்டும்தான். ஆம்பூருக்குள் ஒருவர் பக்கத்து டேபிளுக்கு அனுப்பும் மெயில் வெளியே போகாமலே சேர்ந்துவிடும் என்பதால், லைன் போனாலும் யூனிட் வேலை நிற்காது. அந்த சர்வரை வாங்கியதே அதற்காகத்தானே.

அந்த உரிமையை எந்த நேரத்தில் பயன்படுத்துவது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஜெர்மன் பையரின் சர்வர் நம் கேட்வேயோடு மெயிலுக்கென்று ஒதுக்கிய 25-ஆம் போர்ட்டில் பேசத் தொடங்குகிறது. முதலில் ஈஎச்எல்ஓ என்று தன் பெயரைச் சொல்லும். அடுத்து மெயில் ஃப்ரம், அனுப்புபவர் யார். அடுத்து ஆர்சிபிடி டூ, யாருக்கு. இந்த இடம்தான் முக்கியம். மெயிலின் உள்ளடக்கம் இன்னும் வரவில்லை, வெறும் பெயர் மட்டும்தான் வந்திருக்கிறது. இப்போதே லிஸ்ட்டைப் பார்த்து அந்தப் பெயர் இல்லையென்றால் 550 5.1.1 என்று சொல்லி மறுத்துவிடலாம், பையரின் சர்வரே அவருக்கு ‘முகவரி தப்பு’ என்று தகவல் கொடுத்துவிடும். நம் கேட்வே அப்படிப் பார்க்காமல் 250, அதாவது சரி, என்று சொல்லி முழு மெயிலையும் வாங்கிக்கொண்டால், அந்த நொடியில் பொறுப்பு நம் கைக்கு மாறிவிடுகிறது. இனி சேர்க்க முடியாவிட்டால் பவுன்ஸ் அனுப்ப வேண்டியது நாம்தான். நிஜமான பையர் என்றால் அதில் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் வருவதில் பெரும்பகுதி ஸ்பாம், அதில் அனுப்புபவர் முகவரி போலி. வாங்கிவிட்டு உள்ளே தள்ளி, உள்ளே ஆள் இல்லாமல், பவுன்ஸ் அனுப்பினால் அது சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் பெட்டியில் போய் விழும். இது தொடர்ந்து நடந்தால் நம் ஐபி (கேட்வேயின் இணைய எண்) பிளாக்லிஸ்டில் ஏறிவிடும், அப்புறம் பையருக்கு அனுப்புகிற நல்ல மெயிலும் மறுக்கப்படும். லிஸ்ட் கேட்வேயிடமே இருக்க வேண்டும், உள்ளே மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதுதான் காரணம்.

அந்த லிஸ்ட் பழசாகிவிட்டால் இன்னொரு வம்பு வரும். ஒருவர் வேலையை விட்டுப் போகிறார், ஆம்பூர் சர்வரில் பெட்டியை அழித்துவிடுகிறார்கள், கேட்வே லிஸ்டில் அந்த வரி அப்படியே கிடக்கிறது. கேட்வே ஆம்பூருக்குத் தள்ளும், ஆம்பூர் என்னிடம் இல்லையே என்று கேட்வேக்குத் தள்ளும், இப்படியே மாறி மாறிப் போகும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் மெயிலின் தலையில் ஒரு ரிசீவ்டு வரி ஏறிக்கொண்டே போய், போஸ்ட்ஃபிக்ஸில் அந்த எண்ணிக்கை 50-ஐத் தாண்டும்போது லூப் என்று சொல்லி நிறுத்தும். இதைத் தவிர்க்க லிஸ்ட்டைக் கையால் நான்கு இடத்தில் எழுதாதீர்கள். எல்டாப், ஆக்டிவ் டைரக்டரி மாதிரி ஆள்பட்டியல் வைக்கும் மென்பொருளோ சாதாரண டேட்டாபேஸோ ஏதோ ஒன்றில் ஒரே ஒரு இடத்தில் வைத்து, கேட்வேயும் உள் சர்வர்களும் அதையே படிக்கும்படி செய்யுங்கள். எச்ஆர் அங்கே ஒரு பெயரை நிறுத்தினால் எல்லா இடத்திலும் நிற்க வேண்டும்.

கூகுளை வாசலில் வைத்து, தன்னிடம் இல்லாத ஆட்களை நம் சர்வருக்குத் தள்ளச் சொல்லலாமா என்றால், செய்யலாம், அதற்கான ரவுட்டிங் வசதி அங்கே உண்டு. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சில் இதற்கு இன்டர்னல் ரிலே டொமைன் என்று பெயர். ஸ்பாம் வடிகட்டுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள், சின்ன ஐடி டீமுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அப்படிச் செய்தால் ‘ஆள் இல்லை’ என்று சொல்லும் உரிமை உள்ளே இருக்கும் நம் சர்வருக்கு மாறுகிறது, அது திரும்பவும் கூகுளுக்குத் தள்ளும்படி விட்டுவிட்டால் முன்னே சொன்ன அதே லூப்தான்.

இந்த இடத்தில் கட்டாயம் ஒருவர் பேக்கப் எம்எக்ஸ் (கேட்வே விழுந்தால் மெயிலை வாங்கிவைக்கும் இரண்டாவது வாசல்) வேண்டாமா என்று கேட்பார். என் பதில், பெரும்பாலான கம்பெனிக்கு வேண்டாம். நம் கேட்வே ஒரு மணி நேரம் விழுந்துகிடந்தால் மெயில் தொலைந்துவிடும் என்ற பயம் ஆதாரமில்லாதது. அனுப்பும் சர்வர் மெயிலைத் தன் க்யூவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயல வேண்டும், பொதுவாக நான்கைந்து நாளாவது முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்று ஆர்எஃப்சி 5321 சொல்கிறது. நாம் எதையும் மாற்றாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வைத்திருக்கும். ஆக உலகத்தில் எல்லா சர்வரும் நமக்கு பேக்கப்தான். நாமாக ஒரு மூலையில் வைக்கும் பேக்கப் எம்எக்ஸில் லிஸ்ட் இருக்காது, ஸ்பாம் ஃபில்டர் பழையதாக இருக்கும், அதனால் ஸ்பாமர்கள் எண் அதிகமான எம்எக்ஸைத் தேடியே வருவார்கள். இரண்டு கேட்வே வேண்டுமென்றால் இரண்டையும் சமமாக, ஒரே லிஸ்ட், ஒரே ஃபில்டர், ஒரே கவனிப்போடு வையுங்கள். கேட்வேயை டேட்டா சென்டரில் வைப்பது நல்லது. ஆம்பூரில் நெடுஞ்சாலை வேலைக்குப் பள்ளம் தோண்டி ஃபைபர் அறுந்தாலும், சிப்காட்டில் கரண்ட் போனாலும் மெயில் கேட்வேயின் க்யூவில் காத்திருக்கும், லைன் வந்ததும் வந்து சேரும். வாங்குமுன் வெளியே போகும் 25-ஆம் போர்ட் திறந்திருக்குமா, ஐபிக்கு பிடிஆர் ரெக்கார்டு (அந்த எண் எந்தப் பெயருக்கு உரியது என்று காட்டும் டிஎன்எஸ் குறிப்பு) போட்டுத்தருவார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பல கிளவுட் நிறுவனங்கள் அந்தப் போர்ட்டை மூடித்தான் கொடுக்கின்றன.

இவ்வளவு வம்பு எதற்கு, யூனிட்டுக்கு ஒரு சப்-டொமைன் கொடுத்துவிட்டால் டிஎன்எஸ்ஸே பிரித்துவிடுமே என்பதும் நியாயமான கேள்வி. பிரிக்கும்தான். ஒவ்வொரு சப்-டொமைனுக்கும் தனி எம்எக்ஸ், சுலபமான வழி. ஆனால் அப்போது ஒருவர் இருக்கும் ஊர் அவர் முகவரிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டைக்கு மாற்றலானால் முகவரி மாறும், விசிட்டிங் கார்டு மாறும், பையரிடம் எல்லாம் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரை நம்பி எழுதுவதில் இன்னொரு சிக்கல் நம் பகுதிக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். 1989-இல் வட ஆற்காடு பிரிந்தது, அம்பேத்கர் மாவட்டமானது, 1996-இல் வேலூர் மாவட்டமானது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். இடம் நகராமலே லெட்டர்ஹெட்டை மூன்று முறை அச்சடித்த கம்பெனிகளின் மெயில் முகவரியிலும் அதே தலைவலி எதற்கு? வெளியே தெரிவது ஒரே பெயராக இருக்கட்டும், ஊர்வாரியான பெயர்களை உள்ளே சர்வர்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஒரு ஆளின் பெட்டி ஒரே சர்வரில் இருக்கட்டும். ஒரே பெட்டியை ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வைத்து இரண்டு பக்கமும் எழுதும்படி ஒத்திசைக்க ஆசைப்படாதீர்கள், நடுவில் லைன் அறுந்தால் எது சரியான பிரதி என்று யாராலும் சொல்ல முடியாது. டவ்காட்டில் முன்பு இருந்த ரெப்ளிகேஷன் வசதியையே 2.4 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். தினசரி பேக்கப் எடுங்கள், திருப்பிப் போட்டுப் பாருங்கள், அது போதும்.

வெளியே போகும் மெயில்தான் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு உயிர். ‘எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இந்த இன்வாய்ஸ் பணத்தைப் புதிய எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று நம் டொமைன் பெயரில் பையருக்கு ஒரு போலி மெயில் போனால், பணமும் போகும், பல வருடப் பழக்கமும் போகும். இதைத் தடுக்க எஸ்பிஎஃப் (நம் பெயரில் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களின் லிஸ்ட்), டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற நம் அறிவிப்பு) மூன்றும் வேண்டும் என்பது தெரிந்ததுதான், ஆனால் நான்கு சர்வர் தனித்தனியாக வெளியே அனுப்பும்வரை அவற்றை இறுக்க முடியாது. ஒவ்வொரு சர்வர்காரரும் தனக்கொரு எஸ்பிஎஃப் ரெக்கார்டு போடச் சொல்வார். ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டு இருந்தால் அது நிரந்தரப் பிழை, இரண்டுமே செல்லாது. ஒன்றாகச் சேர்த்து எழுதினாலும் அதைச் சரிபார்க்கும்போது டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது, கூகுள், மைக்ரோசாஃப்ட், பேரோல் கம்பெனி, நியூஸ்லெட்டர் கம்பெனி என்று சேர்த்துக்கொண்டே போனால் சீக்கிரமே தாண்டிவிடும். அதனால் ராணிப்பேட்டை, ஆம்பூர் சர்வர்கள், டேலி, ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின் எல்லாமே கேட்வே வழியாகத்தான் வெளியே போக வேண்டும், மற்ற எந்த மெஷினும் 25-ஆம் போர்ட்டில் வெளியே பேச முடியாதபடி ஃபயர்வாலில் மூடிவிடுங்கள். டிகிம் கையெழுத்தைக் கேட்வே போடட்டும். கூகுள் வழியாகப் போகும் மெயிலுக்கு கூகுள் தனி செலக்டரில் (கையெழுத்துச் சாவியின் பெயர்) போடும், டிகிமில் எத்தனை செலக்டர் வேண்டுமானாலும் வைக்கலாம், எஸ்பிஎஃப் போல இடிக்காது. டிமார்க்கை முதலில் வெறும் கண்காணிப்பில் வைத்து, வரும் ரிப்போர்ட்டில் நமக்கே தெரியாமல் நம் பெயரில் அனுப்பிக்கொண்டிருக்கும் சர்வர்களைப் பிடித்து, அப்புறம் ரிஜெக்டுக்குப் போங்கள். ஓர் எழுத்து மாற்றிப் பதிவு செய்த போலி டொமைனை இது தடுக்காது, அதற்கு பையரோடு போனில் உறுதி செய்யும் பழக்கம்தான் வழி. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கேட்கிறது, அதனால் இது இனி விருப்பம்போல் செய்கிற வேலையும் அல்ல.

பல சர்வர் இருக்கும்போது ‘என் மெயில் ஏன் லேட்’ என்ற கேள்விக்குப் பதில் ரிசீவ்டு வரிகளில் இருக்கும், அவற்றைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். ஜெர்மன் சர்வர் 11:42:07 +0200 என்று எழுதியிருந்தால் அது நம் நேரத்துக்கு மதியம் 3:12:07. கேட்வே 15:12:09, ஆம்பூர் 16:05:30 என்று இருந்தால், தாமதம் கேட்வேக்கும் ஆம்பூருக்கும் நடுவில்தான், அந்த நேரத்தில் ஆம்பூர் லைன் என்ன ஆனது என்று பார்த்தால் போதும். ஆனால் ஆம்பூர் சர்வரின் கடிகாரம் பத்து நிமிடம் தள்ளி ஓடினால் இந்தக் கணக்கே பாழ். எல்லா சர்வரும் என்டிபி என்ற நேரம் ஒத்திசைக்கும் நெறிமுறை வழியாக ஒரே நேரத்தைப் பிடிக்க வேண்டும். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவும் நேரத்தை என்ஐசி (தேசிய தகவல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கும் சேர்த்தே சொல்கிறது.

இப்போது சிதறிக்கிடக்கும் நான்கு சர்வரை இப்படி மாற்ற நினைப்பவர்கள் வரிசையைக் கவனியுங்கள். முதலில் எல்லா சர்வரிலிருந்தும் முகவரிகளை எடுத்து ஒரே லிஸ்ட் ஆக்குங்கள். சேல்ஸ், இன்ஃபோ, அக்கவுண்ட்ஸ் மாதிரி பொது முகவரிகள் இரண்டு சர்வரில் இரண்டு பெட்டியாக இருப்பது அப்போதுதான் தெரியவரும், எதை வைத்துக்கொள்வது என்று அந்தந்தத் துறையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அடுத்து கேட்வேயை நிறுத்தி, உள் சர்வர்களைத் தெரியாத ஆளைக் கேட்வேயிடம் கொடுக்கும்படி மாற்றுங்கள். எம்எக்ஸின் டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் அந்தப் பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரம்) ஓரிரு நாள் முன்பே குறைத்துவைத்துவிட்டு, கப்பல் டாக்குமெண்ட் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எம்எக்ஸைக் கேட்வேக்குத் திருப்புங்கள். பழைய எம்எக்ஸ் சர்வரை உடனே அணைக்காதீர்கள், பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் சர்வர்கள் சில நாள் அங்கேயே வந்துகொண்டிருக்கும்.

முடிந்ததும் சோதிக்க, உங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து ஆம்பூர் டெஸ்பாட்சுக்கு ஒன்று, டைரக்டருக்கு ஒன்று, கம்பெனியில் இல்லவே இல்லாத ஒரு பெயருக்கு ஒன்று அனுப்புங்கள். மூன்றாவதற்கு உடனடியாக ஜிமெயிலிடமிருந்தே 550 என்று தகவல் வந்தால் கேட்வே வாசலிலேயே மறுத்திருக்கிறது என்று அர்த்தம். தகவல் உங்கள் கம்பெனியின் மெயிலர் டீமனிடமிருந்து (பவுன்ஸ் அனுப்பும் நிரல்) வந்தால் உள்ளே வாங்கிவிட்டுத் திருப்பியிருக்கிறீர்கள், லிஸ்ட் இன்னும் கேட்வேக்கு எட்டவில்லை. எதுவுமே வரவில்லையென்றால் எங்கேயோ ஒரு கேட்ச்-ஆல் பெட்டி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது, ஹோஸ்டிங் சர்வரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.